ஆழமும் அறமும்

‘இயற்கையின் சீற்றம்’ என்பது தமிழிற் பெருவழக்குப் பெற்ற தொடர்களுள் ஒன்று. புயல் வீசினும், மலை சரியினும், கடல் கரையேறினும் செய்தித்தாள் முதல் இரங்கற் கூட்டம் வரை இத்தொடரே முன்வந்து நிற்கும். சீற்றம் உணர்வுடைய உயிர்க்கே உரிய பண்பு. சீறுவோர் உளரெனின் சீறுதற்குக் காரணம் உண்டு. காரணம் உண்டெனின் குற்றம் உண்டு. குற்றம் உண்டெனின் அதனைப் புரிந்தாரும் உளர். ஆகவே, ஆராயாது வழங்கப்படும் இச்சிறு தொடருள் ஓர் அறக்கோட்பாடே அடங்கிக் கிடக்கின்றது. அக்கோட்பாடு பொருந்துமா? பொருந்தாதெனின், பேரழிவுகளின்போது நன்று தீது பற்றிப் பேசுதற்கு இடமே இல்லையா? இவ்விரு வினாக்களுமே ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஆராய்ச்சிக்குக் களமாக எடுத்துக்கொள்ளப்படுவது கடலடிப் புவிநடுக்கம். கந்தப்பளை போன்ற ஓர் ஊரில் வாழ்வோர்க்கு இதனால் ஆவதென்ன என்று வினவுதல் இயல்பே. நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வழியில், கடல்மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடியையும் கடந்த உயரத்தில், தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் சூழ அமைந்த ஊர் அது. கடல் எத்துணை உயரம் எழுந்தாலும் அதனைத் தீண்டாது. எனினும், கடலின் அடியில் நிகழும் நடுக்கம் மனிதர்க்கு உணர்த்தும் உண்மை கடற்கரையோடு முடிந்துவிடுவதன்று. மலைச்சரிவில் வாழ்வோர்க்கும் அது உரியதே என்பது பின்னர் விளங்கும்.

ஆற்றலும் அழிவும்

2013ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, உருசியாவின் கீழ்க்கோடியிலுள்ள ஓகொட்ஸ்க் கடலின் அடியில் 8.3 பருமனுடைய புவிநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. மிக ஆழத்தில் தோன்றும் நடுக்கங்களுள் கருவிகளிற் பதிவானவற்றில் அதுவே மிகப் பெரியது. அதன் தோற்றுவாய் ஏறத்தாழ 609 கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தது. பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் முழு நீளத்தையும் செங்குத்தாக நிலத்துள் இறக்கினாலும் அவ்வாழத்தை எட்டாது. மேலும் பெருந்தொலைவு எஞ்சி நிற்கும். ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மொஸ்கோ நகரிலும் அதன் அதிர்வு உணரப்பட்டது. ஆயினும் அந்நடுக்கத்தால் உயிரிழந்தார் எவருமிலர். 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆந் திகதி பீஜித் தீவுகளுக்கு அண்மையில் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் ஆழத்தில் 8.2 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்தபோதும் பெருஞ்சேதம் விளையவில்லை.

இவற்றோடு ஹெயிற்றி நாட்டில் 2010ஆம் ஆண்டு சனவரி 12ஆந் திகதி நிகழ்ந்ததை ஒப்பிடுக. அந்நடுக்கத்தின் பருமன் 7.0, ஆழம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர். ஓகொட்ஸ்க் நடுக்கம் வெளியிட்ட ஆற்றல் இதனதைப்போல் ஏறத்தாழத் தொண்ணூறு மடங்கு. எனினும் ஹெயிற்றியில் இறந்தோர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

ஆழ்நடுக்கங்கள் உண்டென்பதை யப்பானிய அறிஞர் வடாதி 1928இல் நிறுவினார். கடற்றளத்தைச் சுமக்கும் பாறைத்தகடு மற்றொரு தகட்டின் கீழ்ச் சரிந்து புவியினுள் இறங்கும் இடங்களிலே அவை தோன்றுகின்றன. அவ்வாழத்து வெப்பத்திலும் அமுக்கத்திலும் பாறை முறியாது குழைந்து அசைதல் வேண்டும். அவ்வாறிருந்தும் அது முறிவது எங்ஙனம் என்பது பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த முடிபு இன்னும் இல்லை. ஒலிவின் என்னுங் கனிப்பொருள் செறிவு கூடிய வேறு வடிவமாகத் திடீரென மாறுதல் காரணமாகலாம் என்பர் ஒரு சாரார். எவ்வாறாயினும், மேற்பரப்பை அடையுமுன் அவ்வதிர்வு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர்ப் பாறையூடு பரந்து மெலிகின்றது. கடலடித்தளமும் பேரலை எழுமளவுக்கு உயர்ந்து தாழ்வதில்லை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. 9.1 பருமனுடைய அந்நடுக்கம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஆழத்திலேயே தொடங்கிற்று. ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட முறிவு கடலடியைப் பல மீற்றர் உயர்த்திற்று; அத்தளத்தின் மேல் நின்ற நீர் முழுவதும் இடம்பெயர்ந்தது. இந்து சமுத்திரக் கரைகளில் இரண்டு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தோனேசியாவை அடுத்துப் பேரிழப்புக்குள்ளான நாடு இலங்கையே. இங்கு இறந்தோர் தொகை முப்பதாயிரத்தைக் கடந்தது.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து பெறப்படும் முதல் உண்மை தெளிவானது. ஆற்றலின் அளவும் தீமையின் அளவும் ஒன்றல்ல. எவரும் அறியாது ஆழத்தில் முறியும் பாறை நன்றுமன்று, தீதுமன்று. அது மனித வாழ்வை அணுகும்போதே தீமை என்னுஞ் சொல்லுக்குப் பொருள் உண்டாகின்றது. ஆகவே தீமை ஆற்றலில் இல்லை. ஆற்றலுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தொலைவிலேயே உள்ளது. அத்தொலைவு பாறையால் ஆகலாம், சுவரால் ஆகலாம், காலத்தாலும் ஆகலாம்.

மன்னனை வினவிய கதைகள்

முன்னோர் இவ்வினாவை வேறு வகையில் அணுகினர். சோழ மன்னன் இந்திரவிழாவை மறந்தமையால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். களனியை ஆண்ட திஸ்ஸ மன்னன் குற்றமற்ற துறவி ஒருவரைக் கொல்வித்தமையால் கடல் நாட்டினுட் புகுந்தது என்றும், அதனைத் தணிக்க அவன் மகள் கடலுக்கு அளிக்கப்பட்டாள் என்றும் மகாவம்சம் கூறும். ஒன்று தமிழ்க் காப்பியம். மற்றொன்று பாளி மொழியிலமைந்த வரலாற்று நூல். இரண்டும் கடலின் எழுச்சியை ஆள்வோன் பிழையோடு பிணைத்துக் காண்கின்றன.

இக்காலத்திலும் இவ்விளக்கம் மறைந்துவிடவில்லை. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி பீகாரில் பெரும் புவிநடுக்கம் நிகழ்ந்தபோது காந்தியடிகள் தென்னிந்தியாவிற் சுற்றுப்பயணஞ் செய்துகொண்டிருந்தார். திருநெல்வேலிக் கூட்டத்தில் அவர், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே அந்நடுக்கம் என்ற கருத்தை வெளியிட்டார். தீண்டாமையை ஒழிப்பதில் அவரோடு ஒன்றுபட்டிருந்த இரவீந்திரநாத தாகூர் இக்கூற்றை வெளிப்படையாக மறுத்தார். பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்பதும், அறநெறியை இயற்கையின் திருவிளையாடல்களோடு பிணைத்தால் எதிர்க்கட்சியாரும் அதே வாதத்தைத் தமக்குச் சார்பாகக் கையாளலாம் என்பதும் அவர் மறுப்பின் சாரம். காந்தியடிகள் அம்மறுப்பைத் தமது ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டுத் தம் விடையையும் எழுதினார்.

இவ்வாதத்தில் தாகூர் பக்கமே நியாயம் நிற்கின்றது. தண்டனைக் கோட்பாட்டின் பெருங்குறை அது அறிவியலுக்கு முரண் என்பது மட்டுமன்று. அது அறத்துக்கே முரணாவது என்பதாகும். தண்டனை குற்றவாளியைச் சேரவேண்டும். பீகாரில் தீண்டாமையை விதித்தோரை மட்டுந் தேடி நிலம் பிளக்கவில்லை. அதனால் ஒடுக்கப்பட்டோரின் குடிசைகளும் வீழ்ந்தன. விழாவை மறந்தவன் சோழன். வீடிழந்தோர் புகார் நகர மாந்தர். 2004இல் அலை கொண்டுபோன பாலகர்க்கு எக்குற்றத்தைச் சுமத்துவது? முற்பிறப்பின் வினை என்று விடையிறுத்தல் இறந்தோரை இரண்டாம் முறை தண்டிப்பதாகும். அன்றியும், உயிர் தப்பியோர் தம்மைக் குற்றமற்றோராகக் கருதிக்கொள்ளவும் அவ்விடை வழிசெய்யும்.

எனினும் பழைய கதைகளை வெறுங் கற்பனையென ஒதுக்கிவிடுதல் ஆகாது. காரணத்தைக் கண்டறிவதில் அவை பிழைத்தன. ஆனால் விடை கூறவேண்டியவர் யார் என்பதில் அவை முற்றாகப் பிழைக்கவில்லை. கடல் ஊருட் புகுந்தபோது அவை வீடிழந்தோனை நோக்கி ‘நீ யாது செய்தாய்’ என்று வினவவில்லை. ஆள்வோனை நோக்கியே வினவின. இக்கேள்வி இன்றும் வேண்டப்படுகின்றது. மன்னன் பிழை கடலை எழுப்பவில்லை என்பது உண்மை. எழுந்த கடலுக்கும் குடிகளுக்கும் இடையே தொலைவை அமைக்கத் தவறியது யார் என்பதே இன்று வினவத்தக்கது.

தொலைவை அமைப்போர்

ஐரோப்பியச் சிந்தனையிலும் இதே திருப்பம் ஒரு கடலடி நடுக்கத்தின் பின்னரே நேர்ந்தது. 1755ஆம் ஆண்டு நவெம்பர் 1ஆந் திகதி அத்திலாந்திக் கடலடியில் தோன்றிய நடுக்கமும், அதனைத் தொடர்ந்த பேரலையும் தீயும் லிஸ்பன் நகரை அழித்தன. புனிதர் அனைவர்க்கும் உரிய அத்திருநாளில் தேவாலயங்களிற் கூடியிருந்தோர் பலர் மாண்டனர். இருத்தற்கியன்ற உலகங்களுள் இதுவே சிறந்தது என்ற லைப்னிற்சின் கோட்பாட்டை வோல்டேர் கடுமையாக வினவினார். அவருக்கு 1756இல் மடல் எழுதிய ரூசோ வேறொன்றைச் சுட்டினார். ஆறேழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று. மக்கள் பரந்து வாழ்ந்திருப்பின் இழப்புக் குறைந்திருக்கும் என்பது அவர் வாதம். கடவுளை நோக்கி எழுந்த கேள்வி அவ்விடத்தில் மனிதரை நோக்கித் திரும்பிற்று.

ரூசோவின் வாதத்துக்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. ஹெயிற்றி நடுக்கம் நிகழ்ந்த 2010ஆம் ஆண்டிலேயே பெப்ரவரி 27ஆந் திகதி சிலி நாட்டில் 8.8 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்தது. வெளிப்பட்ட ஆற்றல் ஹெயிற்றியினதைப்போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு; இறந்தோர் ஏறத்தாழ ஐந்நூற்றுவர். ஹெயிற்றியின் தலைநகர் நடுக்கத்துக்கு மிக அண்மையில் இருந்தமை இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமே. ஆயினும், 1960இல் 9.5 பருமனுடைய நடுக்கத்தைக் கண்ட சிலி, நடுக்கந் தாங்கும் கட்டட விதிகளை வகுத்து நடைமுறைப்படுத்தியிருந்தது. வறுமையும் நிலையற்ற ஆட்சியும் சூழ்ந்த ஹெயிற்றியில் அத்தகைய காப்பு இருக்கவில்லை. அங்கே சுவரே தொலைவாயிற்று. இங்கே சுவரே கொலைக்கருவியாயிற்று.

2004இல் இலங்கைக்கு இயற்கை அளித்த தொலைவு காலம். அன்று காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையிற் கடலடி முறிந்தது. கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் சென்றது. கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையில் நிலநடுக்கப் பதிவு நிலையம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. அதிர்வு சில நிமிடங்களிலே அங்கு பதிவாயிற்று. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையமும் பதினைந்து நிமிடங்களுள் நடுக்கம் பற்றி அறிவித்தது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கென அமைந்த ஏற்பாடு. இந்து சமுத்திரத்துக்கு அவ்வாறான ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. கடலடி முறிந்த வேளையை ஒட்டிக் கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதம் தெற்குக் கரையோரமாகச் சென்று, ஒன்பதரை மணியளவிற் பெரலியவில் அலைக்குள் அகப்பட்டது. அதில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறிவு மலைநாட்டில் ஒரு கருவியில் இருந்தது. ஆபத்து கரையில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் வழி மட்டும் இருக்கவில்லை.

அவ்வழி பின்னர் அமைக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்தபோது இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டு உள்நாட்டுக்கு விலகினர். பாறைகள் பக்கவாட்டில் அசைந்தமையால் அன்று பேரலை எழவில்லை. வீணாக ஓடவைத்தனர் என்று குறைகூறினாரும் இருந்திருக்கலாம். ஆயின், எச்சரிக்கையின் அறமதிப்பு பின்விளைவைப் பொறுத்ததன்று. எச்சரித்தவர் அவ்வேளையில் அறிந்திருந்ததைப் பொறுத்ததே. வராத அலைக்காகக் குன்றேறியவன் இழந்தது ஒரு பிற்பகல். வந்த அலைக்கு எச்சரிக்கப்படாதவன் இழந்தது வாழ்வு.

மலைச்சரிவில் எழும் வினா

இனி மலைநாட்டை நோக்குவோம் எனின், தகட்டு எல்லைகளிலிருந்து விலகிப் பழம்பாறைகளின் மேல் அமைந்த கந்தப்பளைக்குப் புவிநடுக்கம் பேரச்சமன்று. அங்கும் அயலிலும் அச்சந் தருவது மழையில் ஊறிய மண். நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாயம் மிக்க மாவட்டங்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. தொழிலாளர்க்கென லயன்கள் எழுந்தன. லயன் எச்சரிவில் அமைய வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அதன் காம்பிராவில் வாழ்ந்தவரல்லர். தொலைவைத் தெரிந்தெடுக்கும் உரிமை அத்தொலைவினாற் பிழைக்கவோ மடியவோ வேண்டியவரிடம் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்கு அவ்வுரிமை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே கிடைத்தது. குடிமகனாகக் கணிக்கப்படாதவன் பாதுகாப்பான நிலம் வேண்டும் என்று எவரிடஞ் சென்று கேட்பான்?

பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவ்விடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. இரண்டு மணித்தியாலம் போதாதென்று கூறின் அதனை ஒருவாறு ஏற்கலாம். ஒன்பது ஆண்டுகள் போதாவென்று கூறின் அதனை ஏற்பது எங்ஙனம்?

எச்சரிக்கப்பட்டவர் ஏன் வெளியேறவில்லை என்று வினவுவோர் உளர். இவ்வினா தோற்றத்தில் நியாயமானது; உண்மையிற் கொடியது. லயன் நிற்கும் நிலத்துக்கு அவர்களிடம் உறுதி இல்லை; வேறு நிலமும் இல்லை. வேலையும் குடியிருப்பும் ஒரே தோட்டத்திற் பிணைந்துள்ளன. மழை கொட்டும் இரவிற் பாடசாலைக் கட்டடத்திலோ கோயில் மண்டபத்திலோ தங்கலாம். மழை விட்டதும் அதே காம்பிராவுக்கே திரும்ப வேண்டும். ஆகவே, செல்ல இடமில்லாதவனிடம் ‘செல்க’ என்று கூறி அமைதல் கடமையின் பாதியை மட்டும் செய்வதாகும். அபாயத்தை அறிவித்தல் அறிவின் கடன். ஒதுங்க நிலம் அளித்தல் அறத்தின் கடன். முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாதவிடத்து, எச்சரிக்கை உயிரைக் காப்பதற்கு மாறாக எச்சரித்தவரின் பொறுப்பை மட்டுமே காக்கின்றது. 2025ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகள் பெரும்பங்கு உயிர்களைக் கொண்டன. பழைய வினா இன்னும் விடையின்றியே நிற்கின்றது.

பொறுப்பின் எல்லை

இவ்வாதத்துக்கு ஒரு தடை எழுப்பலாம். எல்லா அழிவுக்கும் மனிதனே பொறுப்பெனின் துயரத்துக்கு இடமெங்கே? ஒவ்வொரு சாவுக்கும் குற்றவாளியைத் தேடுதல் பழைய தண்டனைக் கோட்பாட்டையே வேறு உருவில் மீட்பதாகாதா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. எவ்வளவு கற்றாலும் அறியவியலாதன உள. எவ்வளவு முயன்றாலும் தடுக்கவியலாதன உள. புவிநடுக்கம் நிகழும் நாளையும் வேளையையும் முன்கூட்டி உரைக்கும் ஆற்றல் இன்றுவரை எவர்க்கும் வாய்க்கவில்லை. நடுக்கத்தின் தோற்றுவாய்க்கு மிக அண்மையிலிருந்த சுமாத்திராக் கரைகளில் அலை சில பத்து நிமிடங்களுள் வந்து சேர்ந்தது. அங்கு மிகச் சிறந்த ஏற்பாடு இருந்திருப்பினும் எல்லோரும் பிழைத்திரார். அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள இழப்பை ஊழ் என்று அழைத்து அழுவதிற் பிழையில்லை.

ஆனால் ஊழின் எல்லை நிலையானதன்று. அறிவு வளருந்தோறும் அது பின்வாங்குகின்றது. அது பின்வாங்கிய இடத்திற் பொறுப்பு வந்து அமர்கின்றது. வடாதிக்கு முன்னர் ஆழ்நடுக்கத்தைத் தெளிவாக அறிந்தார் இலர்; அறியாதவர்மேற் குற்றமில்லை. 2004இல் அறிந்தும் இணைக்கவில்லை. அங்கே பொறுப்புத் தொடங்குகின்றது. மீரியபெத்தையில் இடம் அறியப்பட்டிருந்தது, ஆபத்து அறியப்பட்டிருந்தது, வாழ்ந்தோர் இன்னாரென்பதும் அறியப்பட்டிருந்தது. அங்கே ஊழ் என்னுஞ் சொல்லுக்கு இடமில்லை. இப்பொறுப்பைத் தண்டனையோடு மயக்குதலும் ஆகாது. தண்டனைக் கோட்பாடு நடந்ததை நோக்கி நின்று விடுகின்றது. பொறுப்போ அடுத்த மழைக்கு முன் செய்யவேண்டியதை நோக்குகின்றது.

ஆதலின், இயற்கைக்குச் சீற்றத்தை ஏற்றிக் கூறும் வழக்கம் கைவிடத்தக்கது. அது பாறைக்கு இல்லாத உணர்வை அளித்து, மனிதர்க்கு உள்ள கடமையை நீக்கிவிடுகின்றது. அறுநூறு கிலோமீற்றர் ஆழத்திற் பாறை முறிந்தபோது இயற்கையே இடையில் நின்று காத்தது. அவ்வாறு காக்காத இடங்களில் இடைவெளியை அமைப்பது மனிதர் தொழில். கந்தப்பளையின் ஒரு சரிவில் லயனுக்கு மாற்றாக வீடு எழும்போது அது எந்நிலத்தில் எழுகின்றது, அந்நிலத்தின் உறுதி எவர் கையில் இருக்கின்றது என்பன கட்டடத் தொழிலுக்கு மட்டும் உரிய வினாக்களல்ல. அவை அறத்துக்கு உரிய வினாக்கள். அவற்றுக்கு விடை கூறவேண்டியோர் மலையுமல்லர், மழையுமல்லர்.